பெயர் கேளாத சிஸ்டர்



பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தது 1862இல். என் அம்மம்மா எழுத்துப் படித்ததும் கன்னியர் மடத்தில்தான்; நாங்களோ சைவர்.

எனக்கு மறக்க முடியாதவர் வேறொரு சிஸ்டர். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டும்போது, காய்ச்சலில் கிடந்த என் மகளை முந்தானையால் பொத்தித் தூக்கி வந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மாதவிலக்குக்குத் துணியில்லாமல் நாங்கள் கூசி நின்றோம். ஒருவரும் வாய்திறக்கவில்லை. அவரே கண்டுகொண்டு, தன் மாற்றுச் சேலையைக் கிழித்துப் பங்கிட்டார். எந்தச் சமயமென்று கேட்கவுமில்லை.

அவர் காலமானதைப் பிந்தித்தான் அறிந்தேன். இறந்தோர் நினைவு நாளில் மகளோடு சேமக்காலைக்குப் போனேன். கன்னியர் கல்லறைகள் வரிசையாக இருந்தன. எது அவருடையது? பெயர் தெரியாது. எல்லாவற்றிலும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தோம்.