கவனத்திற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும்

2026 ஜனவரி முதல் சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகளில் திறன்பேசிக்கான விதிமுறை கடுமையாகியுள்ளது. பாட நேரத்தில் மட்டுமின்றி, இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை, கூடுதல் வகுப்பு ஆகியவற்றின்போதும் மாணவர்கள் திறன்பேசியையோ திறன்கடிகாரத்தையோ பயன்படுத்தக்கூடாது. அவை பையிலோ பள்ளி ஒதுக்கும் இடத்திலோ இருக்க வேண்டும். மாணவர்களின் கற்றல் சாதனங்களும், பெற்றோர் வேறு நேரம் குறிக்காவிட்டால், இரவு 10.30 மணிக்கு ஓய்வுநிலைக்குச் சென்றுவிடும்.

இதுபற்றி என் காதில் விழும் கருத்துகள் இரண்டு வகை. “எங்களை நம்பவில்லை” என்று மாணவர்கள் குறைப்படுகின்றனர். “இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கட்டொழுங்கு குறைந்துவிட்டது, வேறு வழியில்லை” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகின்றனர். இரு தரப்பினரும் கவனத்தை ஒருவரின் குணமாகவே பார்க்கின்றனர். நல்ல பிள்ளைக்கு அது இருக்கும், மற்றவர்களுக்கு இருக்காது என்பதுபோல.

மூளையைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கவனம் பெரும்பாலும் நாம் செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பொறுத்தது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைக் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பள்ளி மணி அடித்த பிறகும், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம், வேலையிடம் என்று நாம் முன்னேறும்போதும், நம் திறன்பேசியை வாங்கி வைக்க யாரும் வரமாட்டார்கள். அப்போது அந்த ஏற்பாட்டைச் செய்யத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான்கே இடங்கள்

திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, ஒரே வேலையில் நிலைத்திருப்பது ஆகியவற்றில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி முக்கியப் பங்கு வகிக்கிறது. மூளையின் மற்ற பல பகுதிகளைவிட இது தாமதமாக முதிர்ச்சி அடைகிறது. இருபதுகளின் நடுப்பகுதி வரை அதன் வளர்ச்சி தொடர்கிறது. ஆக, பதினைந்து வயது மாணவரிடமோ இருபது வயது மாணவரிடமோ “மனத்தைக் கட்டுப்படுத்திக்கொள்” என்று மட்டும் சொல்வது, இன்னும் கட்டி முடிக்காத பாலத்தின்மேல் லாரியை ஓட்டச் சொல்வது போன்றது.

ஒரே நேரத்தில் நம்மால் மனத்தில் வைத்துக் கையாளக்கூடிய தகவல்களும் மிகக் குறைவு. பல ஆய்வுகளை ஆராய்ந்த உளவியலாளர் நெல்சன் கோவன், அந்த எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு என்று 2001ல் எழுதினார். வேதியியல் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சூத்திரம், இரண்டு எண்கள், ஓர் அலகு. நான்கு இடங்களும் நிரம்பிவிட்டன. அந்த நேரத்தில் “இன்றிரவு எங்கே சாப்பிடலாம்?” என்று நண்பரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தால், உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று வெளியேறத்தான் வேண்டும். பெரும்பாலும் அலகுதான் முதலில் போகும். ஒரு மதிப்பெண்ணும் அதோடு போகும்.

“எங்களால் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வேலை செய்ய முடியும்” என்று நம் வயதினர் பலர் சொல்வதுண்டு. கவனம் தேவைப்படும் வேலைகளில் மூளை உண்மையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் கொஞ்சம் நேரம் செலவாகிறது என்பதை ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் ஆகிய மூவர் 2001ல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. வேலை கடினமாக இருந்தால் அந்த இழப்பும் கூடியது. தாவிய பிறகும் பழைய வேலை மனத்தைவிட்டு முழுமையாக நீங்குவதில்லை. இதை ஆராய்ந்த சோஃபி லெராய், 2009ல் அதற்கு ‘கவன எச்சம்’ என்று பெயர் வைத்தார். முதல் வேலை அரைகுறையாக நிற்கும்போது, அடுத்த வேலையின் தரம் குறைவதை அவர் கண்டார்.

மேசைமேல் இருந்தாலே போதும்

திறன்பேசியைக் கையில் எடுத்தால்தான் தொல்லை என்று நாம் நினைக்கிறோம். 2017ல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்ரியன் வார்டும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய 800 பேரிடம் நடத்திய ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. எல்லாருடைய திறன்பேசியும் ஒலியெழுப்பாத நிலையில்தான் இருந்தது. சிலர் அதை மேசைமேல் வைத்தனர், சிலர் பையில் வைத்தனர், சிலர் வேறோர் அறையில் விட்டு வந்தனர். வேறோர் அறையில் விட்டு வந்தவர்கள், மேசைமேல் வைத்திருந்தவர்களைவிடச் சிந்தனைத் திறன் சோதனைகளில் சிறப்பாகச் செய்தனர். பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளிலும் இதே விளைவு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், இரண்டு மணி நேரத்துக்கு வேறோர் அறையில் வைத்துப் பார்ப்பதில் நமக்கு என்ன நட்டம்?

இங்கேதான் புதிய பள்ளி விதிமுறையின் உண்மையான பயன் எனக்குத் தெரிகிறது. ‘எடுக்கலாமா, வேண்டாமா’ என்று நாள் முழுவதும் மனத்துக்குள் நடக்கும் பேரத்தை அது நிறுத்திவிடுகிறது. வீட்டிலும் அதைச் செய்ய நமக்குத் தேவைப்படுவது வரவேற்பறையில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் சேர்ந்து போட்டால் இன்னும் நல்லது. அப்பா சோஃபாவில் காணொளி பார்த்துக்கொண்டே மகனைப் படிக்கச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்காது.

வேலைப் பயிற்சிக்குச் செல்வோருக்கு

பள்ளி மாணவருக்குச் சொல்வதை அப்படியே வேலைப் பயிற்சியில் இருப்பவருக்குச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் திறன்பேசியே வேலைக் கருவி. மேலாளர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார், குழுவினர் டெலிகிராமில் பேசுகின்றனர், மின்னஞ்சல் தனியாக வருகிறது. புதிதாகச் சேர்ந்தவர் உடனுக்குடன் பதில் அனுப்புவதுதான் சுறுசுறுப்பின் அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறார். மாலையில் பார்த்தால் நூறு செய்திகளுக்குப் பதில் போயிருக்கும். கொடுத்த அறிக்கை தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

இதற்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. முதலாவது, முதல் வாரத்திலேயே மேலாளரிடம் பணிவாகக் கேட்டுவிடுவது: “எந்த விஷயங்களுக்கு உடனே பதில் வேண்டும், எதற்கு ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்?” பெரும்பாலான மேலாளர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும் என்றே நம்புகிறேன். வேலையைப் பற்றி யோசிப்பவர்தானே அதைக் கேட்பார். இரண்டாவது, லெராயும் தெரசா குளோம்பும் 2018ல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிடைப்பது. பாதி வேலையில் யாராவது அழைத்தால், எழுந்து போகும் முன் ஒரு நிமிடம் எடுத்து, ‘இதுவரை செய்தது இது, திரும்பி வந்து செய்ய வேண்டியது இது’ என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் குறித்துக்கொண்டவர்களுக்குக் குறுக்கே வந்த வேலையிலும் கவனம் நன்றாக இருந்தது. இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. ஒரு பேனா போதும்.

உட்கார்ந்த நேரம் கணக்கல்ல

கவனம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அதை எதில் செலவிடுகிறோம் என்பதும் முக்கியம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று முறை நினைவுபடுத்தி எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. அவர்களுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடுதான் நினைவிருந்தது. நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு ஏறத்தாழ 61 விழுக்காடு நினைவிருந்தது. மஞ்சள் மையால் பக்கம் பக்கமாகக் கோடு போட்டுவிட்டு மூன்று மணி நேரம் படித்ததாகச் சொல்வதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நாற்பது நிமிடம் எழுதிப் பார்ப்பது மேல்.

தூக்கத்தைக் கடனாக வாங்க முடியாது

எவ்வளவு நல்ல ஏற்பாட்டையும் தூக்கமின்மை கெடுத்துவிடும். அதற்கான சான்றுகள் நம் ஊரிலேயே கிடைத்துள்ளன. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட 56 இளையர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2016ல் வெளியிட்டனர். ஒரு வாரத்துக்கு இரவுதோறும் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க வாய்ப்பளிக்கப்பட்டவர்களின் கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் சரிந்தன. அதன்பின் இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கியும் கவனம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வார நாள்களில் விழித்துவிட்டுச் சனி, ஞாயிற்றில் தூங்கி ஈடுகட்டலாம் என்ற நம் கணக்கு அங்கேயே பொய்த்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஹான்ஸ் வான் டோங்கனும் அவருடைய குழுவினரும் 2003ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருகிறது. இரண்டு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிய பெரியவர்களின் செயல்திறன் வெகுவாகக் குறைந்தது. ஆனால், அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே இல்லை. தாங்கள் சமாளித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தனர். “எனக்கு ஐந்து மணி நேரத் தூக்கமே போதும்” என்று பெருமையாகச் சொல்லும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இதில் மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. துணைப்பாட வகுப்பு முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, அதன்பின் வீட்டுப்பாடத்தைத் தொடங்குபவர் எப்போது தூங்குவார்? பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரும், தம்பி தங்கையுடன் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்பவரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் போய் ‘அமைதியான அறையில் அமர்ந்து படி’ என்று சொல்வதில் பொருளில்லை. வட்டார நூலகமும் சமூக மன்றத்தின் படிப்பறையும் அவர்களுக்குக் கைகொடுக்கும். மற்ற நேரங்களில் குடும்பம்தான் அந்த ஒரு மணி நேர அமைதியைத் தர வேண்டும்.

நிறுவனங்களும் ஏற்பாடு செய்ய முடியும் என்பதற்கு நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி நல்ல எடுத்துக்காட்டு. 2016ல் அப்பள்ளி காலை தொடங்கும் நேரத்தை 7.30லிருந்து 8.15க்குத் தள்ளி வைத்தது. அப்படியானால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுக்கப் போவார்கள் என்று யாருக்கும் தோன்றும். ஆய்வாளர்கள் கவனித்ததில், ஒன்பது மாதங்களுக்குப் பிறகும் மாணவிகள் முன்பைவிடச் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கினர்; அவர்களின் மனநலனும் மேம்பட்டிருந்தது. பத்து நிமிடம் சிறிய தொகைதான். ஆனால், யாருடைய மன உறுதியையும் சோதிக்காமல் கிடைத்த தொகை அது.

அந்த வழியில் என் தரப்பிலிருந்தும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பல பாடங்களின் பணிகளை ஒப்படைக்கக் கடைசி நேரம் இரவு 11.59 மணி. அதை மாலை 6 மணிக்கு மாற்றினால் யாருக்கும் செலவில்லை; அந்த இரவு மாணவர்கள் நேரத்தோடு தூங்குவார்கள். குழுப்பணி செய்யும் நாமும், இரவு பத்து மணிக்குமேல் குழுவில் செய்தி அனுப்புவதில்லை என்று நமக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

உயர்நிலைப் பள்ளித் தம்பி தங்கைகளே, பையில் இருக்கும் திறன்பேசியை நினைத்து வருந்த வேண்டாம். பள்ளி இப்போது உங்களுக்காகச் செய்துதரும் ஏற்பாட்டை இன்னும் சில ஆண்டுகளில் நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும். இன்று மாலை வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன் அதை வேறோர் அறையில் வைத்துப் பழகத் தொடங்குங்கள்.