பெரும்பாலும் நேரும், நேரக்கூடும்

கொல்கத்தாவில் எம்.காம். பயிலும் என் அறைத்தோழர் இந்தியக் கணக்கியல் தரநிலை 37-ஐ மனனம் செய்துகொண்டிருந்தார். நிலுவையிலுள்ள வழக்கில் இழப்பீடு தர நேர்வதற்கே வாய்ப்பு மிகுதி, தொகையையும் நம்பகமாக மதிப்பிட இயலும் எனில், நிறுவனம் அதை இலாபத்தில் கழித்து ஒதுக்க வேண்டும். 'நேரக்கூடும்' என்ற அளவில் நின்றால் குறிப்பில் தெரிவித்தால் போதும், இலாபம் குறையாது. கணக்கு என்றால் எண் மட்டுமே என்று நம்பியிருந்த மொழியியல் மாணவன் நான். இங்கோ இரு வினைமுற்றுகளுக்கிடையே கோடிகள் ஊசலாடுகின்றன.

ஆனால் அவர் காட்டிய பயிற்சி வினாக்களில் 'தோல்வி வாய்ப்பு 70 விழுக்காடு' என்று முன்கூட்டியே தரப்பட்டுவிடுகிறது. மாணவர் குறிப்பேட்டுப் பதிவை மட்டும் எழுதுகிறார். அந்த 70-ஐ எவர், எந்தச் சான்றைக்கொண்டு சொன்னார்? முதுகலையில் கேட்க வேண்டிய வினா அதுவே. ஓர் உண்மையான ஆண்டறிக்கையின் குறிப்பைக் கையில் கொடுத்து, நிர்வாகத்தின் 'நேரக்கூடும்' என்ற சொல்லை மறுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லலாமே.