பர்கர் கறிக்கு உப்பு போதும், அதையும் கடைசியில் போடுங்கள்

கோடை பிறந்துவிட்டால் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் கொல்லைப்புறங்களில் கிரில் அடுப்பு வெளியே வந்துவிடும். ஜூலை 4 விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். பெரிய எவர்சில்வர் பேசினில் இரண்டு கிலோ மாட்டுக் கொத்துக்கறி இருக்கும். அதில் இஞ்சி பூண்டு விழுது, மல்லித்தூள், மிளகாய்த்தூள், கரம் மசாலா, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, ஒரு முட்டை, இரண்டு கை ரொட்டித்தூள், தாராளமாக உப்பு. எல்லாவற்றையும் சப்பாத்தி மாவைப்போல அழுத்திப் பிசைந்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைப்பார்கள். ஊற ஊறத்தான் ருசி ஏறும் என்பது நம்பிக்கை.

அது வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் ஹாம்பர்கர் செய்யும்போது கறிக்குள் எதையும் கலக்காதீர்கள். உப்பைக்கூடக் கலக்காதீர்கள். தட்டிய கறியின் இரண்டு முகத்திலும், அடுப்பில் போடுகிற அந்த நேரத்தில் உப்பைத் தூவினால் போதும்.

நான் நாகர்கோவில்காரி. தேங்காய்க்கொத்து போட்டு, மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்துப் பொடித்து, கறுக்கக் கறுக்க வறட்டி எடுக்கும் மாட்டுக்கறி வறுவலைத் தின்று வளர்ந்தவள். கனெக்டிகட்டுக்குக் குடிவந்து பல வருஷம் ஆகியும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அந்த மணம்தான். ஆனால் அந்த வறுவல் ஒன்றரை மணி நேர வேலை. மல்லியும் மிளகாயும் எண்ணெயில் வதங்கி, கறி விட்ட தண்ணீரில் கொதித்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை கரண்டியும் கையுமாக நிற்கிறோமே, எதற்கு? பச்சை வாசனை போக வேண்டும் என்பதற்குத்தானே! பர்கர் கறி அடுப்பில் இருப்பதோ ஏழெட்டு நிமிடம். உள்ளே கலந்த தூள் வேக எண்ணெயும் கிடையாது, நேரமும் கிடையாது. மேல்பக்கத்தில் இருப்பது தீயில் கருகிக் கசக்கும். நடுவில் இருப்பது பச்சையாகவே நாக்கில் படும். குழம்பில் இப்படி நடந்தால் நம் வீட்டில் யாராவது சும்மா விடுவார்களா?

அரிந்த வெங்காயம் இன்னொரு தொல்லை. சூடு பட்டதும் தண்ணீர் விட்டு, அந்த இடத்தில் கறி விரிசல் காணும். திருப்பும்போது பாதி கையோடு வரும், பாதி தீயில் விழும். அதைச் சரிக்கட்டத்தான் முட்டையும் ரொட்டித்தூளும்.

உப்பின் விஷயம் இதைவிட முக்கியம். தசையில் மயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. உப்பு பட்டுப் பிசையப் பிசைய அது கரைந்து பசையாகும். சூடு ஏறியதும் அந்தப் பசை இறுகி, கறித்துகள்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடும். சாசேஜ் செய்கிறவர்களுக்கு இதுதான் வேண்டும், கடித்தால் துள்ள வேண்டும் என்றே உப்பைப் போட்டுப் பிசைகிறார்கள். பர்கருக்கு வேண்டியது நேர்மாறு. பல் பட்டதும் பொலபொலவென்று உதிர வேண்டும், உதிர்ந்த இடத்தில் கொழுப்பும் சாறும் ஊற வேண்டும். ஜே. கெஞ்சி லோபஸ்-ஆல்ட் என்ற அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் உள்ளே உப்புக் கலந்த கறியையும் மேலே தூவிய கறியையும் அருகருகே வைத்துச் சோதித்து இதை விளக்கியிருக்கிறார்.

அவர் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டாம். கால் கிலோ கறியை வாங்கி இரண்டு பங்காக்குங்கள். ஒன்றில் அரைத் தேக்கரண்டி தூள் உப்பைக் கலந்து நன்றாகப் பிசைந்து ஒரு மணி நேரம் வையுங்கள். மற்றதைப் பிசையாமல், ஈரக்கையால் பட்டும் படாமலும் சேர்த்துத் தட்டி, கல்லில் போடுமுன் உப்பு தூவுங்கள். வெந்தபின் இரண்டையும் நடுவில் வெட்டிப் பாருங்கள். பிசைந்ததன் வெட்டுமுகம் வழவழவென்று ஒரே கட்டியாக இருக்கும், விரலால் அமுக்கினால் எம்பி வரும். மற்றதில் கொத்திய கறியின் இழைகள் தனித்தனியே தெரியும், இடுக்குகளில் கொழுப்பு மினுங்கும். சாறு தட்டில் பரவும்.

இனி செய்முறை. கறியில் கொழுப்பு நூற்றுக்கு இருபது இருக்கட்டும். தோள்பட்டைக் கறியாக வாங்கி அங்கேயே அரைத்துத் தரச் சொன்னால் இன்னும் நல்லது. ஒன்றுக்கு 150 கிராம் எடுத்து, பன்னைவிடச் சற்று அகலமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் லேசாகப் பள்ளம் வையுங்கள். இல்லாவிட்டால் வேகும்போது நடு உப்பிக்கொள்ளும். இரும்புக் கல் புகையத் தொடங்கும்போது, முழங்கை உயரத்திலிருந்து உப்பைத் தூவுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால்தான் திட்டுத்திட்டாக இல்லாமல் பரவும். ஒரு பக்கத்துக்கு மூன்று விரலால் அள்ளுகிற அளவு. உப்பு போட்டுவிட்டு வேறு வேலையாகப் போகாதீர்கள். நின்றால் தண்ணீர் கசியும், ஈரம் வற்றும்வரை கறி சிவக்காது. அந்தச் சிவந்த மொறுமொறுப்பில்தான் பாதி ருசி இருக்கிறது. மிளகு பிடித்தவர்கள் திருப்பிப் போட்டபின் வெந்த பக்கத்தில் கொரகொரவென்று பொடித்துப் போடலாம், கருகாது.

கரண்டிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் டைமண்ட் கிரிஸ்டல் கோஷர் உப்பு ஒரு தேக்கரண்டி மூன்று கிராமுக்குள்தான் நிற்கும். மார்ட்டன் கோஷர் உப்பு கிட்டத்தட்ட ஐந்து, சாதாரணத் தூள் உப்பு ஆறு. ஒரே கரண்டி, இரண்டு மடங்கு கரிப்பு. எந்த உப்பு என்று சொல்லாத சமையல் குறிப்பால் பயனில்லை.

மசாலா போட்டால் கிருமி செத்துவிடும் என்று சிலர் என்னிடம் வாதாடுகிறார்கள். இந்த நினைப்பு ஆபத்தானது. முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், அதனால் 63 டிகிரி செல்சியஸ் வரை வெந்தால் போதும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அரைத்த கறியில் மேற்பரப்பே உள்ளே போய்விடுவதால் 71 டிகிரி வேண்டும். 1993-ல் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் சரியாக வேகாத பர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. மஞ்சளும் மிளகாயும் கலந்த கறியில் அந்த நிறமும் மறைந்துவிடும். வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 71 டிகிரி வரை போயாக வேண்டும் என்பதாலேயே பிசையக் கூடாது என்கிறேன். அவ்வளவு சூட்டில், உப்புப் போட்டு இறுக்கிய கறி ரப்பராகிவிடும்.

கறிக்குள் கலக்கும் பழக்கத்தை நம்மவர்கள் மட்டும் கொண்டுவரவில்லை. 1952-ல் லிப்டன் வெங்காய சூப் பொட்டலம் வந்தபின் அதைக் கொத்துக்கறியில் கொட்டிக் கலக்கும் வழக்கம் அமெரிக்க வீடுகளில் பரவியது. மிசிசிப்பியின் கொரிந்த் ஊரில் கறியோடு மாவைச் சேர்த்துப் பொரிக்கும் பர்கர் இன்றும் உண்டு. கஷ்ட காலத்தில் கறியைக் கூட்டிக்காட்ட வந்த வழி அது. இல்லாதவர்கள் கண்டுபிடித்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 1920-களில் அதே காரணத்துக்காக வெங்காயத்தைச் சேர்த்தார்கள். ஆனால் சேர்த்த விதத்தைப் பாருங்கள்: காகிதம்போலச் சீவிய வெங்காயத்தைக் கல்லில் கிடக்கும் கறியின் மேல் குவித்து அழுத்தி, திருப்பிப் போட்டு, கொழுப்பிலேயே வதங்கவிட்டார்கள். வெங்காயமும் வெந்தது, கறியும் கெடவில்லை.

எங்கள் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரில் லூயிஸ் லஞ்ச் என்று ஒரு சிறிய செங்கல் கட்டடம் இருக்கிறது. 1895-ல் தொடங்கிய கடை. ஹாம்பர்கர் 1900-ல் அங்கே பிறந்தது என்கிறார்கள். விஸ்கான்சினின் சீமோரும் டெக்சஸின் ஏதென்ஸும் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த வழக்கு எனக்கு வேண்டாம். அன்றன்றைக்கு அரைத்த கறியைப் பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் நிமிர்த்தி நிறுத்தி வாட்டி, வாட்டிய வெள்ளை ரொட்டியில் வைத்துத் தருகிறார்கள். சீஸ், தக்காளி, வெங்காயம் உண்டு. கெட்சப்பும் கடுகுச் சாஸும் கேட்டாலும் தரமாட்டார்கள். கறி என்ன ருசி என்பது அங்கே சாப்பிட்டால் தெரியும்.

புதிதாக எங்கள் தெருவுக்குக் குடிவந்த கோயம்புத்தூர்ப் பெண் நான் கறி தட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, வெறும் உப்புதானுங்களா? சப்புன்னு இருக்காதுங்களா?" என்று கேட்டாள். "மசாலாவை வேற இடத்துல வெச்சிருக்கேன்மா" என்று காட்டினேன். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகாய்த்தூளைப் பச்சை வாசனை போக வதக்கி, அதில் சுருளச் சுருள வதக்கிய வெங்காயம். அதன்மேல் சில சொட்டு வூஸ்டர் சாஸ். அதில் புளி சேர்ந்திருப்பதால் நம் தாளிப்போடு பொருந்திப்போகும். மயோனைசில் அரைத்துக் கலந்த பச்சை மிளகாயும் புதினாவும். வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம். பன்னை வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டியிருந்தேன். காரம் குறைவு என்று அவளும் சொல்லவில்லை, அவள் கணவரும் சொல்லவில்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளில் வான்கோழிக் கொத்துக்கறி வாங்குகிறார்கள். அதற்கு மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். கொழுப்புக் குறைவு, சொந்த ருசியும் குறைவு, 74 டிகிரி வரை வேக வேண்டும், வறண்டுவிடும். அதில் மசாலா கலக்கலாம். ஆனால் வெங்காயத்தையும் இஞ்சி பூண்டு விழுதையும் தூள்களையும் முதலில் எண்ணெயில் வதக்கி, நன்றாக ஆறவைத்து, பிறகு கலந்துகொள்ளுங்கள். உப்பு அப்போதும் வெளியேதான்.