மகள் கேட்ட அனுமதி



தோட்டத்துத் தாய் ஒருவர் எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. அவருடைய மகள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். பந்தாட்டத்தின்போது திடலோரம் நின்று கூட்டத்தை உற்சாகப்படுத்தும் ‘சியர்லீடிங்’ குழுவுக்கு அங்கே ஆள் எடுக்கிறார்களாம். தேர்வுக்குப் போகட்டுமா என்று மகள் கேட்கிறாள். “குட்டைப் பாவாடை கட்டிக்கொண்டு குதிக்கவா, பால்மரம் வெட்டிப் படிக்க அனுப்பினோம்?” என்று தகப்பனார் குமுறுகிறாராம். இருவருக்கும் நடுவில் தாய் தவிக்கிறார்.

முதலில் அந்தத் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. ஐயா, இந்தக் கலையைத் தொடங்கியவர்கள் ஆண்கள்தாம். 1898-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், மினசோட்டா பல்கலைக்கழக ஆட்டத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று கோஷத்தை நடத்தினார். அதுவே இதன் தொடக்கம் என்பார்கள். அங்கே பெண்கள் சேர்ந்தது 1923-இல்தான். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகனும் தம் கல்லூரிக் காலத்தில் இந்தக் குழுவில் இருந்தவரே. ஆகவே, இதைக் கேவலமாக எண்ண வேண்டியதில்லை.

ஆனால் தாய் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கிறது. இன்றைய கல்லூரிக் குழுவில் கோஷம் பாதி. மீதி கடுமையான உடற்பயிற்சி. ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி நிறுத்துவார்கள்; மேலே வீசிப் பிடிப்பார்கள். 1982 முதல் அமெரிக்காவில் சேர்த்துவந்த கணக்கின்படி, பள்ளி, கல்லூரி விளையாட்டுகளில் பெண்களுக்கு நேர்ந்த மிகக் கடுமையான காயங்களில் பெரும்பங்கு இதில்தான் ஏற்பட்டிருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

தங்கச்சி, இனி உன்னிடம் பேசுகிறேன்.

பல கல்லூரிகளில் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பே ஆயத்தமாகிவிடு. அந்தக் குழு என்னென்ன எதிர்பார்க்கிறது என்று முதலில் கேட்டறிந்துகொள். சில குழுக்கள், பின்னால் வளைந்து கையூன்றித் தாவி நிமிரத் தெரிந்தவர்களை மட்டுமே எடுக்கும். வேறு சில, புதியவர்களையும் சேர்த்துக்கொள்ளும். பாடத்தில் குறிப்பிட்ட சராசரி இல்லாதவர்களுக்குப் பல இடங்களில் கதவே திறக்காது. அதனால் புத்தகத்தை மூடிவிட்டுப் பயிற்சிக்கு ஓடாதே.

கையசைவைக் கண்ணாடி முன் பழகு. கை நேராக நீள வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. ஒன்று முதல் எட்டு வரை எண்ணி, ஒவ்வோர் எண்ணுக்கும் கையைச் சரியான இடத்தில் நிறுத்து. கோஷத்தைத் தொண்டையைக் கிழித்துக் கத்தாதே, அடிவயிற்றிலிருந்து எடு. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். நம் தோட்டத் திடலில் பந்து விளையாடும்போது கோட்டோரம் நின்று கத்தியவள்தானே நீ!

அடுத்தது தூக்குவது. கீழே தாங்குபவர்கள், மேலே நிற்பவள், பின்னால் நின்று காப்பவள் என்று அதில் மூவகை வேலை உண்டு. எல்லாரும் மேலே நிற்கவே ஆசைப்படுவார்கள். ஆனால் கீழே இருப்பவள் தடுமாறினால் மேலே இருப்பவளின் கதி என்ன? காண்டாக் கம்பில் பால்வாளி சுமந்த உன் பாட்டியைக் கேட்டுப் பார். முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்புப் போய்விடும். முழங்காலை மடக்கி, காலின் பலத்தால் எழ வேண்டும் என்பார். அங்கே பயிற்றுநர் சொல்லித் தருவதும் அதையேதான்.

தேர்வுக்கு முன் சில நாள் வகுப்பு வைத்து, ஆட்டத்தையும் கோஷத்தையும் கற்றுக்கொடுப்பது வழக்கம். அதைத் தவறவிடாதே. நடுவர் முன் ஓர் அடி தவறிப்போனால் முகத்தைச் சுளிக்காமல் அடுத்த எண்ணிக்கையில் சேர்ந்துகொள்.

இன்னொன்று. “இது உனக்குத் தெரியுமா?” என்று கேட்டால், தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாதே. இடம் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், பழகாத ஒன்றைத் தேர்வு நாளன்று செய்து பார்ப்பவள் தன் கழுத்தைப் பணயம் வைக்கிறாள். அவளை நம்பி மேலே நிற்பவளின் உயிரும் அவள் கையில்தான். தெரியாது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தாயாரே, மகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முறையாகப் பயிற்சி பெற்ற பயிற்றுநர் உடன் இருக்கிறாரா? பயிற்சியின்போது கீழே மெத்தை விரிக்கிறார்களா? காயம் பட்டால் மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள்? அங்கே மருத்துவமனைச் செலவு நம் குடும்பங்கள் தாங்கக்கூடியதல்ல. மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் மனமார அனுமதி கொடுங்கள். வராவிட்டால் மறுத்துவிடுங்கள், காரணத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். உடையைப் பற்றியும் மகள் கேட்கட்டும். அதில் கூச்சம் இருந்தால், மாற்று உடை உண்டா என்று தேர்வுக்கு முன்பே விசாரிப்பதே நல்லது.

கடல் கடந்து தனியே இருக்கும் பெண், உங்களுக்குச் சொல்லாமலே சேர்ந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டாள். நீங்கள் வளர்த்த விதத்துக்கு அதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

அவளுக்கு இடம் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா