முற்றத்துக்குள் சுழலாத கம்பு

2019 ஆகஸ்டில் தென்காசி வட்டாரத்தில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்ததை நம் சிலம்ப வகுப்புகளில் பாடமாகவே எடுக்க வேண்டும். இரவில் வீட்டுக்கு வெளியே அமர்ந்திருந்த முதியவரின் கழுத்தில் முகமூடிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து துண்டைப் போட்டு இறுக்கினான். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, செருப்பு, நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வீசினார். பிடி தளர்ந்ததும் பெரியவரும் நாற்காலியைத் தூக்கிவிட்டார். அரிவாளோடு வந்த அவனும் அவன் கூட்டாளியும் ஓட்டம் பிடித்தார்கள். அந்தச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு தம்பதிக்கு வீர விருது வழங்கியது.

கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சியைக் கம்பு பிடித்தவர்கள் மறுபடி பாருங்கள். அரிவாள் எட்டாத தூரத்தை நாற்காலி உண்டாக்கிக் கொடுத்தது. கம்பின் வேலையும் அதுதானே!

ஆனால் தென்காசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தருவது பெரும்பாலும் மேடைக்கான நெடுங்கம்பு வீச்சு. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. என்றாலும் நெற்றி உயரக் கம்பு திண்ணையிலும் மாடிப்படியிலும் சுழலாது. அங்கே உதவுவது கைத்தடி நீளக் குறுங்கம்பு, நேராக நீட்டும் குத்து, மணிக்கட்டில் விழும் தட்டு, பின்வாங்கும் காலடி. குற்றாலச் சாரல் நாளில் பயிற்சியை நிறுத்தாதீர்கள். வழுக்கும் தரையில் நிற்கப் பழகிய கால் எங்கும் நிற்கும். பெண்களுக்கும் முதியோருக்கும் இந்தக் குறுங்கம்புப் பயிற்சியைத் தனி வகுப்பாகவே நடத்தலாம்.

சட்டத்தையும் சேர்த்தே கற்பியுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே உரிய லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும் ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. கம்பை நழுவவிட்டுச் சரணடைந்தவனின் மண்டையில் விழும் அடுத்த அடி தற்காப்பு ஆகாது. மாணவன் தலையைக் குறிவைக்கும்போதே நாம் தடுக்க வேண்டும். அடிக்கும் கையை அந்தரத்தில் நிறுத்தும் பயிற்சிக்கு ஒவ்வொரு வகுப்பிலும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் களத்துக்கு அழைத்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் செய்யுங்கள்.