இழுக்குது சரி... நிற்குமா?

வயதான லாரி காயலாங்கடைக்குப் போகிறது. எஞ்சின் ஒருவர் கைக்குப் போகும். கேபின் தகடு இன்னொருவர் கைக்குப் போகும். பின் அச்சு மட்டும் பட்டறை வாசலில் காத்துக் கிடக்கும்.

அதற்கு மறுபிறவி உண்டு!

அந்த அச்சின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பெட்டி கட்டி, முன்னால் கொக்கி போட்டால் டிராக்டர் டிரெய்லர் ரெடி. காரைக்கால் வட்டாரத்திலும் டெல்டா ஊர்களிலும் நெல் மூட்டை, வைக்கோல், செங்கல், ஜல்லி எல்லாமே டிராக்டர் டிரெய்லரில்தான் வருகிறது. அச்சைப் புதிதாக வாங்குவதைவிடப் பழையது மலிவு. அதனால் பட்டறைக்காரரையும் குறை சொல்ல முடியாது. விவசாயியையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. பிரேக் எங்கே?

"என்ன அண்ணே, டிரெய்லர்ல பிரேக் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதான் டிராக்டர்ல இருக்கே தம்பி!" என்று பதில் வரும்.

அந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது.

பலசாலி அச்சு

லாரியின் பின் அச்சு சாமானியப்பட்டதல்ல. நாலு டயர் மாட்டிய ஒற்றை அச்சுக்கு 10.2 டன் வரை சட்டமே அனுமதித்திருந்தது. 2018-ல் அது 11.5 டன் ஆனது.

லோடு முழுவதையும் தாங்குவது அச்சின் வெளிக்கூடு. அதாவது ஹவுசிங். சக்கரத்தின் ஹப், அந்தக் கூட்டின் முனையில் இரண்டு பேரிங் மேல் சுற்றுகிறது. உள்ளே ஓடும் ஆக்சில் ராடு சக்கரத்தைச் சுற்றிவிடத்தான். பாரம் சுமக்க அல்ல. அதனால் ராடையும் கிரவுனையும் கழற்றி எடுத்தாலும் சக்கரம் விழாது. ஜோராக ஓடும்.

டிரெய்லருக்கு இந்த அச்சு பொருந்துவது இதனால்தான். வம்பும் இங்கேதான் ஆரம்பம். அச்சு தாங்குகிறதே என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இழுக்கும் டிராக்டரின் எடை சுமார் 2 டன். பின்னால் 6 டன் லோடு என்றால், மொத்தம் 8 டன்னை அந்த 2 டன் டிராக்டர் பிடித்து நிறுத்த வேண்டும். பெரும்பாலான டிராக்டருக்குப் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான்.

டிரம் இருக்கு, காற்று இல்லே!

வேடிக்கை என்னவென்றால், லாரி அச்சோடு பிரேக் டிரம்மும் சேர்ந்தே வருகிறது. லைனிங்கும் வருகிறது. வராதது காற்று!

லாரியில் எஞ்சின் ஓட்டும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கித் தொட்டியில் சேர்க்கிறது. பெடலை மிதித்தால் காற்று பாய்ந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு கேமைத் திருப்புகிறது. கேம் லைனிங்கை டிரம்மோடு அழுத்துகிறது. வண்டி நிற்கிறது.

சாதாரண டிராக்டரில் அந்தக் கம்ப்ரஸர் கிடையாது. அதனால் பிரேக் சேம்பரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். டிரம் மட்டும் அலங்காரத்துக்குச் சுற்றுகிறது.

தட்டையான பூமியில் இறக்கம் ஏது என்று கேட்கலாம். ஆறு இருக்கிறதே! அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு... ஆறு என்றால் பாலம். பாலம் என்றால் ஏற்றம், இறக்கம். இறக்கத்தில் டிராக்டர் வேகம் குறையும். பின்னால் வரும் லோடு குறையாது. முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத் தள்ளும். டிராக்டரின் இடது வலது பிரேக் பெடல்களைக் கொக்கியால் இணைக்காமல், ஒன்றை மட்டும் மிதித்துவிட்டால் போச்சு. வண்டி குறுக்கே திரும்பிவிடும். எதிரே வரும் சைக்கிள்காரர் என்ன செய்வார்?

உப்புக் காற்று

பட்டறையில் விடும் சின்னத் தப்பு சாலையில் பெரிதாகும். ராடைக் கழற்றியபின் ஹப்பின் வாயைத் தகடு போட்டு மூட வேண்டும். மூடாவிட்டால் கிரீஸ் வெளியே வரும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். கடலோர ஊரின் உப்புக் காற்றில் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். பேரிங் போனால் சக்கரமே தனியாகக் கழன்று ஓடும்.

அகலத்தைக் குறைக்க ஹவுசிங்கை வெட்டி ஒட்டினால், வெல்டிங் நூல் பிடித்தாற்போல நேராக இருக்க வேண்டும். கோணினால் டயர் தேயும். ஒட்டு சரியில்லாவிட்டால் லோடோடு முறியும்.

ஆட்கள் ஏறலாமா?

நெல் மூட்டை கவிழ்ந்தால் நஷ்டம். மனிதர் கவிழ்ந்தால்?

உத்தரப் பிரதேசம் கான்பூர் அருகே 2022 அக்டோபர் 1-ந் தேதி கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் பலி. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரி 24-ல் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில், கங்கையில் குளிக்கப் போனவர்களின் டிரெய்லரும் குளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிலும் ஆள் ஏறியது சரக்கு வண்டியில்.

காரைக்காலில் மாங்கனித் திருவிழா உண்டு. திருநள்ளாறு சனிக்கிழமைக் கூட்டம் உண்டு. நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் போகும் பெண்கள் உண்டு. "நடந்து போவானேன், ஏறிக்கம்மா" என்று சொல்வது அன்பினால்தான். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லிவிட்டது. உயிரும் போய், நஷ்டஈடும் கிடைக்காத நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

இரண்டு அரசு, ஒரே ரோடு

டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான் என்கிறது 1988-ம் வருஷச் சட்டம். அதற்கும் பதிவு வேண்டும். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றிக் கட்டும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று 2019 திருத்தம் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதிக பாரத்துக்கு 20 ஆயிரம் ரூபாய். மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம்.

காரைக்கால் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். வடக்கே பூவம் தாண்டினாலும் தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் தமிழ்நாடு. காலையில் இங்கே ஓடும் டிரெய்லர் மாலையில் அங்கே ஓடும். "அது அவங்க வண்டி" என்று இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கைகாட்டினால் யார்தான் பார்ப்பது?

என்ன செய்யலாம்?

பிடித்து அபராதம் போடுவது மட்டும் போதாது. வழியும் காட்ட வேண்டும்.

டிராக்டர் எஞ்சினோடு சின்னக் கம்ப்ரஸர் பொருத்தினால் பழைய டிரம்முக்கு மீண்டும் உயிர் வரும். டிராக்டரின் ஆயில் பிரஷரிலேயே வேலை செய்யும் டிரெய்லர் பிரேக்கும் உண்டு. கொக்கிப் பின் கழன்றாலும் வண்டி ஓடிவிடாமல் பாதுகாப்புச் சங்கிலி, நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் — இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. வரிச்சிக்குடியில் பாலிடெக்னிக் இருக்கிறது. போக்குவரத்துத் துறை இவர்களையும் பட்டறைக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, அறுவடைக்கு முன்னால் கொம்யூனுக்கு ஒரு முகாம் போடலாம். பதிவு, பிரேக், ஹப், கொக்கி எல்லாவற்றையும் சோதித்து, எதை எப்படிச் சரி செய்வது என்று அங்கேயே சொல்லலாம். முதல் முறை அறிவுரை. இரண்டாம் முறை அபராதம்.

டிரெய்லர் வாங்குகிறவர் பட்டறையில் கேட்பது "எத்தனை டன் தாங்கும்?" என்றுதான். இனி அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்கட்டும்:

"எத்தனை அடியில் நிற்கும்?"