பொன்னாடைக்கு நேரமுண்டு

நூலகர் மாநாடொன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். மங்கல விளக்கேற்றல், ஆசியுரை, பொன்னாடை என முற்பகல் கழிந்தது. பிரதம விருந்தினர் பேசி முடித்ததும் புறப்பட்டுவிட்டார். அவர் நூலகமொன்றினுள் நுழைந்து எத்தனை ஆண்டுகளோ!

பிரதேச சபை நூலக உதவியாளர் ஒருவர், ஒழுகும் கூரையின் கீழ் பழைய பத்திரிகைத் தொகுதிகளை எவ்வாறு காப்பது எனக் கேட்க எழுந்தார். நேரமில்லையென அமர்த்தினர். அடுத்தது நன்றியுரை.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை 1931இல் நூலகவியலின் நான்காம் விதியாக்கியவர் எஸ்.ஆர். இரங்கநாதன். ஊழியரின் நேரம் மட்டும் மலிவா? உரைகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுங்கள். மண்டபத்தைக் கேள்விகளுக்கு விடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்தவர்கள் நாம். எஞ்சிய தாள்களைக் காக்க வழி கேட்பவருக்கு ஐந்து நிமிடம் இல்லையா?

அவருக்கு மறுமொழி கிடைக்கத்தான் செய்தது, தேநீர் மேசையருகில், இன்னொரு நூலக உதவியாளரிடமிருந்து.